மூன்றாவது சட்டைவால்

மிச்சிகனின் வடகோடிக் காட்டில் இருக்கும் அந்த ஒற்றை அறை மரவீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அடுப்புக்கு எதிர்ச் சுவர்தான். அதில் ஆணியடித்து மாட்டியிருப்பவை கொம்புகள் அல்ல, சட்டைவால்கள். மானைச் சுட்டுத் தவறவிட்டவன் அன்றே கத்தரிக்கோலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சட்டையின் பின்பக்கத் துணியை வெட்டி, பேரும் வருஷமும் எழுதி, சுவரில் அறைந்துவிடுவார்கள். இது அந்த வட்டாரம் முழுக்க உள்ள வழக்கம். இந்த முகாமில் மட்டும் கூடுதலாக ஒரு சட்டம் உண்டு. மூன்று வால் சேர்ந்தவன் துப்பாக்கியை மாட்டிவிட்டுக் கரண்டியைப் பிடிக்க வேண்டும். இன்னொருவனுக்கு மூன்று சேரும்வரை அடுப்பை விட்டு அவனுக்கு விடுதலை கிடையாது.

என்ஸியோவுக்கு மூன்று வால் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. அவருடைய சித்தப்பா மகன் ஆர்விட் லாஹ்திக்குப் போன வருஷத்தோடு இரண்டு. மூன்றாவது ஆளான கோர்டிக்கு, அதாவது ஆர்விடின் மனைவியின் தம்பிக்கு, ஒன்றுகூட இல்லை. அந்தத் திமிர் அவன் நடையிலேயே தெரியும்.

நவம்பர் பதினாலு, மதியம். விடிந்தால் வேட்டை தொடக்கம். கோர்டி தன் துப்பாக்கியை வெளித் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து, மேலே பூட்டியிருந்த புது ஸ்கோப்பைச் சட்டை நுனியால் துடைத்தான்.

“பாருங்க மச்சான், காசு போடாமப் பாருங்க.”

ஆர்விட் வாங்கிப் பார்த்தார். நூறு தப்படிக்கு அப்பால் நின்ற மரத்தின் பட்டையில் பாசி தெரிந்தது. “இன்னும் பெருசாகுமா?”

“அந்த வளையத்தத் திருப்புங்க. மூணுல இருந்து ஒம்பது மடங்கு வரைக்கும் போகும்.”

திருப்பினார். பாசிக்குள் ஒரு எறும்பு செத்துக் கிடந்தது. அதிசயம்தான், மறுக்க முடியாது. வேறு யாராவதாக இருந்தால் பொறாமையில் உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். ஆர்விடுக்கோ எதைக் கண்டாலும் அது ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது.

“எறும்பு தெரியுது மச்சான். ஆனா மீதிக் காடு எங்க போச்சு?”

“காட்டச் சுடவா வந்திருக்கோம்? அம்பது வருஷத்துப் பழைய துப்பாக்கியக் கட்டிக்கிட்டு அழறீங்க. கேட்டா கண்ணு சரியில்லைனு சாக்கு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!”

உள்ளேயிருந்து என்ஸியோ குரல் கொடுத்தார். “அவன விடுப்பா கோர்டி. இன்னும் ஒரு வால்தான் பாக்கி. எனக்குப் பதிலா ஆள் வேணாமா?”

மூவரும் சிரித்தார்கள். ஆர்விடின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

ஏனென்றால் கண் நிஜமாகவே கோணல். ஆர்விட் மர ஆலையில் ரம்பத்துக்குப் பல் தீட்டுகிறவர். கைக்கெட்டும் தூரத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மயிரிழை பிசகாமல் தீட்டுவார். அவருடைய துப்பாக்கியில் இருப்பதோ வெறும் இரும்புக் குறி: குழல் நுனியில் ஒரு சின்ன மணி, பின்னால் ஒரு வெட்டு. வெட்டுக்குள் மணியை உட்கார வைத்து, மணியை மான் மேல் வைக்க வேண்டும். ஒன்று கிட்டே, ஒன்று கொஞ்சம் எட்டே, ஒன்று தூரத்தில். இளங்கண் மூன்றுக்கும் ஓடி ஓடித் திரும்பிவிடும். ஐம்பத்தேழு வயதுக் கண் ஒரு இடத்தில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. மானைப் பார்த்தால் மணி பஞ்சாகிறது, மணியைப் பார்த்தால் மான் கரைந்துபோகிறது. கண் டாக்டரிடம் கேட்டார். “கிட்ட தெரியணுமா, தூரம் தெரியணுமா?” என்றார் டாக்டர். “மூணும் தெரியணும்” என்று இவர் சொல்ல, டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஸ்கோப் வாங்கினால் தீரும், தெரியும். ஆனால் இவர் உட்காரும் இடம் அடர்ந்த சதுப்பு. அங்கே மான் இருபது தப்படியில் முளைத்து நான்கு எட்டில் மறையும். அதோடு, பழைய குறியில் சரியாக என்ன தப்பு என்று கண்டுபிடிக்காமல் அதைக் கழற்ற அவருக்கு மனசில்லை.

உள்ளே போனார். என்ஸியோ ஒரு கையில் மாவு அப்பியிருக்க, பேக்கிங் பவுடர் டப்பாவைத் தூக்கிப் பிடித்து, மற்றக் கையை முஷ்டியாக மடக்கிக் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணே பண்ற?”

“எவ்வளவு போடணும்னு படிக்கிறேன். கண்ணாடி எங்கேயோ கிடக்கு. முஷ்டிக்குள்ள ஊசித்துளை அளவு விட்டுப் பாரு, பொடி எழுத்தும் பளிச்சுனு தெரியும்.”

ஆர்விட் முஷ்டியை மடக்கிப் பார்த்தார். எழுத்து தெரிந்தது. அப்படியே சன்னல் வழியாகப் பார்த்தார். மரமும் தெரிந்தது. கிட்டேயும் தூரமும் ஒரே துளையில்!

“அண்ணே, கறுப்பு டேப் இருக்கா? ஊசி இருக்கா?”

“டேப்பு மேசையில. ஊசி அலமாரி டப்பாவுல. எதுக்குடா?”

அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு தகர டப்பாக்கள். ஆர்விட் முதலில் திறந்ததில் ஊசி இல்லை. நாலாக மடித்த வேட்டை லைசென்ஸ் சீட்டுகள் இருந்தன, காட்டுக்குள் போகிறவன் முதுகில் ஊக்கால் குத்திக்கொள்கிறவை. வருஷத்துக்கு ஒன்றாக ஏழு. எல்லாவற்றிலும் என்ஸியோவின் பெயர், ஒன்றிலும் ஊக்குக் குத்திய தடம் இல்லை. இந்த வருஷத்துச் சீட்டு மேலே இருந்தது. ஆர்விட் ஓசைப்படாமல் மூடிவிட்டு அடுத்த டப்பாவைத் திறந்தார். ஊசி அதில் இருந்தது.

மூக்குக்கண்ணாடியின் வலது வில்லையில், துப்பாக்கியில் கன்னம் வைத்தால் கண் பார்க்கும் மூலையில், துளையிட்ட டேப்பை ஒட்டினார். தாழ்வாரத்தில் தோட்டா போடாத துப்பாக்கியைத் தூக்கினார். வெட்டு, மணி, மரம் மூன்றும் ஒரே வரிசையில் கூர்மையாக நின்றன. அப்போதுதான் ஒன்றைக் கண்டார். தன் பழைய பழக்கப்படி பிடித்தால் மணி வெட்டுக்கு மேலே எழும்பி நிற்கிறது. இரண்டு வருஷமும் மானின் முதுகுக்கு மேலே காற்றைச் சுட்டிருக்கிறார்!

“அண்ணே, உன் மூணு வாலும் இதனாலதான்! உனக்கும் இதே கண்ணுதான்!”

என்ஸியோ மாவு கையோடு வந்து, அந்தக் கண்ணாடியைப் போட்டுத் துப்பாக்கிக் குறி வழியே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இத்தன வருஷமா டப்பா படிக்கத்தான் தெரிஞ்சுது. சுடுறதுக்குத் தோணலையே” என்றார். பிறகு, “வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும் நான். இப்ப உனக்கு எங்க விழப்போகுது மூணாவது வால்?” என்று சிரித்துக்கொண்டே அடுப்புக்குப் போனார்.

விடியுமுன் ஆர்விடும் கோர்டியும் ஒருவர் முதுகில் ஒருவர் லைசென்ஸைக் குத்திக்கொண்டார்கள். தன் முதுகில் தானே குத்த முடியாது, கூட ஒரு ஆள் வேண்டும். என்ஸியோ இருவருக்கும் கறியும் உருளைக்கிழங்கும் அடைத்த பாஸ்டி ரொட்டியைச் சுடச்சுடத் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

அதிகாலை மங்கலில் ஊசித்துளை சதி செய்தது. ஒரு மான் வந்தது, துளை வழியே வெறும் இருட்டு. கொம்புமானைத்தான் சுடலாம்; கொம்பு உண்டா இல்லையா என்றே தெரியாமல் ஆர்விட் விட்டுவிட்டார். ஸ்கோப்பாக இருந்தால் தெரிந்திருக்கும், நியாயத்தைச் சொல்ல வேண்டும். சற்று நேரத்தில் கோர்டி பக்கமிருந்து ஒரு வெடி, உடனே இன்னொன்று. ஒன்பது மணிக்கு வெயில் பனிமேல் ஏறியது. அறுபது தப்படியில் ஒரு கொம்புமான் தலையைத் தூக்கி நின்றது. மணி, வெட்டு, தோள் மூன்றும் தெரிந்தன. ஆர்விட் மணியை இறக்கினார், வெட்டோடு சமமாக வைத்தார், சுட்டார். மான் இரண்டு எட்டு வைத்து விழுந்தது. அவருக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் அழுதார்.

முகாமுக்கு மானை இழுத்து வந்தபோது என்ஸியோ கையில் கத்தரிக்கோல் இருந்தது. கோர்டி முதுகைக் காட்டி நின்றான், காது சிவந்து.

“பதினஞ்சு தப்படி மச்சான்! கண்ண வச்சா வெறும் மயிரு! தலையா வாலா ஒண்ணும் புரியல. ஒரே பழுப்புச் சுவரு. குத்துமதிப்பா அமுக்கினேன், ரெண்டும் போச்சு. பெறகு பாத்தா வளையம் ஒம்பதுல நிக்குது! நான் எப்பவும் மூணுல தான வைப்பேன்?”

ஆர்விடுக்கு நேற்று மதியம் நினைவுக்கு வந்தது. எறும்பு பார்த்தது யார்? ஒன்பதிலேயே விட்டுவிட்டு வந்தது யார்? வெட்டிய துணியில் என்ஸியோ பேர் எழுதக் கரித்துண்டை எடுத்தார். ஆர்விட் தன் மானைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார்.

“அண்ணே, நில்லு. வளையத்தத் திருப்பினது நானு. திருப்பி வைக்க மறந்ததும் நானு. அந்த வால் என் கணக்கு.”

“டேய், சுட்டது அவன்டா!”

“தவற வச்சது நான். என் பேர எழுது.”

“எழுதுங்கண்ணே!” என்றான் கோர்டி, உயிர் வந்தவனாக. “நியாயம்னா நியாயம்!”

என்ஸியோ எழுதவில்லை. “மூணாயிடும்டா” என்றார் மெதுவாக. “இப்பதான உனக்குக் கண்ணு வந்திருக்கு?”

“மான் வந்துருச்சு. போதும்.”

ஆர்விட் கரித்துண்டைப் பிடுங்கித் தானே எழுதினார். அடுப்புக்குப் போய் என்ஸியோவின் இடுப்பிலிருந்த சமையல் மேல்துணியை அவிழ்த்துத் தான் கட்டிக்கொண்டார். பிறகு அலமாரிக்குப் போய், ஊசி இல்லாத டப்பாவைத் திறந்து, மேலே இருந்த சீட்டை எடுத்தார். என்ஸியோ அதைப் பார்த்தார்.

“திரும்பு அண்ணே.”

என்ஸியோ திரும்பி நின்றார். ஆர்விட் தன் கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டார். அதனால் ஊக்கு எங்கே, துணி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. தடவித் தடவித்தான் குத்தினார். அந்த அகன்ற முதுகும் ஒரு நிலையில் நிற்காமல் குலுங்கிக்கொண்டே இருந்தது.

“ஆடாத அண்ணே, குத்திரும்.”

“குத்தட்டும்டா” என்றார் என்ஸியோ.