உளவும் உழவும்

வேலப்பன்சாவடி தாண்டி இருக்கும் அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தில், கல்வி உளவியல் முதுகலைத் துறை தொடங்கிப் பத்தாண்டு ஆகிறது. விழா மலருக்கு ஒரு பக்கம் துறை வரலாறு வேண்டும் என்று பதிவாளர் அழகேசன் கேட்டிருந்தார். கையோடு, இன்று சாயங்காலத்துக்குள் பத்துப் பேர் சேராவிட்டால் துறைக்குப் பூட்டு என்றும் சொல்லியிருந்தார். சேர்ந்திருப்பது ஒன்பது பேர். வரலாறு எழுதி முடிக்கும்போது துறை இருக்குமா என்று துறைத் தலைவி பானுப்பிரியாவுக்கே தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால், துறையின் வரலாறு என்பது வாசலில் தொங்கிய போர்டுகளின் வரலாறுதான்.

முதல் போர்டில் எழுத்துப்பிழை கிடையாது. மாணவர்களும் கிடையாது, மூன்று பேர் வந்தால் அதிகம். அது ஒரு புயலில் பறந்துபோனதும், மண்ணூர்பேட்டை பெயின்டர் கன்னியப்பன் புதிதாக எழுதி மாட்டினார்: 'கல்வி உளவுத் துறை'. அந்த வருஷம் அட்மிஷனுக்குக் கூட்டம் அலைமோதியது. துப்பறிய ஆசைப்பட்ட ஆவடிப் பையன்கள் வந்தார்கள். மகன் யாரோடு போனில் பேசுகிறான் என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லிப் பெற்றோர்களும் வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் பாதிப் பேர் ஓடிவிட்டார்கள். மீதிப் பேர் கட்டிய பீஸுக்காகப் படித்து, அவர்களே ஆச்சரியப்படும்படி நல்ல பள்ளி ஆலோசகர்கள் ஆனார்கள்.

போன மாதம்தான் அழகேசன் முதன்முறையாக அண்ணாந்து போர்டைப் படித்தார். மானம் போகிறது, மாற்று என்றார். பானுப்பிரியா கன்னியப்பனுக்கு போன் போட்டு, "உளவு இல்லண்ணே, உளவியல். ள, ள" என்று தொண்டை வறளச் சொன்னாள். மறுநாள் தொங்கியது 'கல்வி உழவியல் துறை'.

"நீங்கோ ளன்னுதான் சொன்னீங்கோ," என்றார் கன்னியப்பன். "இந்தப் பக்கம் யாருக்கு மேடம் ழ வருது? டீச்சராச்சே, தப்பா இருக்கக் கூடாதுன்னு நானே திருத்திக்கினேன்."

இன்று மத்தியானம் நூம்பலிலிருந்து சொர்ணம் தன் மகள் விஜியை இழுத்துக்கொண்டு வந்தாள். விஜி பி.காம். முடித்தவள். வந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை. அம்மா இடம் கொடுக்கவில்லை.

"மின்னாடி உளவுன்னு இருந்திச்சி, இப்ப உழவுன்னு கீது. இன்னாதான்மா சொல்லித் தர்றீங்கோ? நாங்க நாத்து நட்ட எடமெல்லாம் இப்ப அபார்ட்மென்ட்டு. இவ உழவு படிச்சிட்டு மொட்ட மாடிலயா உழுவா?"

பானுப்பிரியாவுக்கு நாக்கு நுனிவரை பொய் வந்தது. மாடித்தோட்டம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பத்தாவது ஆள் கிடைத்துவிடும். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

"போர்டு தப்பும்மா. இது மனசப் பத்தின படிப்பு. பிள்ளைங்க எப்படிக் கத்துக்கிறாங்க, ஏன் பயப்படுறாங்க, அதெல்லாம்."

"மனசா? அதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருசம்? எங்க ஊட்ல அல்லார் மனசும் எனக்கு அத்துப்படி." சொர்ணம் எழுந்துவிட்டாள். "இவளுக்கு இதெல்லாம் புடிக்காது. வாடி."

அவ்வளவுதான், துறை போயிற்று என்று பானுப்பிரியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

விஜி எழவில்லை.

"மிஸ், எனக்கு இன்னா புடிக்கும்னு எங்கம்மாவே சொல்லிகினு கீதே, அது ஏன்னு இதுல வருமா?"

"முதல் செமஸ்டர்லயே வரும்," என்று விண்ணப்பத்தை அவள் பக்கம் தள்ளினாள் பானுப்பிரியா.

சொர்ணம் மகளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்ப நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேனா கீதாடி?" என்றாள்.