இடது ஐந்து, வலது ஏழு

தேவகிக்கு இடது கால் ஐந்து, வலது கால் ஏழு. மூன்று வயதில் வந்த போலியோ விட்டுப்போன வித்தியாசம் அது. செருப்பு வாங்கப் போனால் ஐந்தில் ஒரு ஜோடி, ஏழில் ஒரு ஜோடி என்று இரண்டு வாங்குவாள். ஒவ்வொன்றிலும் ஒரு கால் போட்டுக்கொண்டு மீதி இரண்டையும் பரண்மேல் எறிந்துவிடுவாள். ஆம்பூரில் பாதி ஊர் தோலையும் ஷூவையும் நம்பிப் பிழைக்கிறது. இங்கேயே தனக்கு இந்தக் கதி என்றால் மற்ற ஊரில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று பல தடவை நினைத்திருக்கிறாள்.

பதினாறு வருஷம் அவள் வேலை பார்த்தது ஒரு ஷூ கம்பெனியின் பேரிங் மேசையில். இடது ஷூ ஒரு தட்டில் வரும், வலது ஷூ இன்னொரு தட்டில் வரும். சைஸும் நிறமும் தையலும் பார்த்து ஜோடி சேர்த்துப் பெட்டியில் போட வேண்டும். கம்பெனி அந்த லைனை மூடியபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அதே கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஆர்டர் பார்த்துக்கொண்டிருந்த உமைமாவுக்கும் அன்றைக்கே வேலை போனது. இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது உமைமா, தேவகியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தேவகிக்கா, உங்கள மாதிரி ரெண்டு சைஸ் கால்காரங்களுக்குன்னே ஆன்லைன்ல செருப்பு வித்தா இன்னா?"

"யாரு வாங்குவா?"

"நீங்க வாங்குவீங்கல்ல?"

தேவகி யோசித்துப் பார்த்தாள். நிச்சயமாக வாங்குவாள்.

உமைமாவின் மாமா ஜியாவுல்லா துத்திப்பட்டு ரோட்டில் பன்னிரண்டு மிஷின் போட்டுச் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "நம்ம கட்டிங்ல எல்லாம் ஜோடிதான். ஒத்தக் கால் வெட்டச் சொன்னா ஆளுங்க குழம்பிடுவாங்க. எனக்குப் பேஜார். எந்த சைஸ்ல எத்தன ஜோடின்னு சொல்லு, தெச்சுத் தர்றேன்."

இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஆயத்தக் கடைப் பக்கம் ஒன்றை உமைமா பிடித்தாள். அதில் ஒரு பொருளுக்கு ஒரு சைஸ்தான் கேட்கும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று இரண்டு கட்டம் வரவைக்க நாலு நாள் ஆனது. ஆர்டர் வந்ததும் வாட்ஸ்அப்பில் தானாக ஒரு பதில் போகும்படி செய்தாள். முகவரியைக் கையால் எழுதாமல், ஆர்டர்கள் பதிவாகும் கம்ப்யூட்டர் ஷீட்டிலிருந்தே லேபிளாக அச்சடித்தாள். எதற்கும் செலவில்லை. எல்லாம் எங்கோ யாரோ செய்து வைத்த கருவிகள்தான். தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள்.

ஆர்டர் வந்தது. கூடவே மிச்சமும் வந்தது. இடது ஐந்து, வலது ஏழு கேட்டவருக்கு அனுப்பினால் வலது ஐந்தும் இடது ஏழும் தட்டில் நிற்கும். மூன்று மாதத்தில் வாடகை அறையின் ஒரு சுவர் முழுக்க ஒற்றைச் செருப்பு.

"ஒவ்வொருத்தருக்கும் நேர் எதிரா ஒருத்தர் கெடச்சா போதும்க்கா" என்று சொல்லி உமைமா தினமும் பட்டியலைத் தேடுவாள். மூன்று மாதத்தில் அப்படி இரண்டு பேர்தான் கிடைத்தார்கள்.

ஒரு மத்தியானம் சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்த தேவகிக்கு, கம்பெனியில் தன் முன்னால் வந்து நின்ற தட்டுகள் நினைவுக்கு வந்தன. எந்த இடது எந்த வலதோடு பிறந்தது என்று அங்கே யாரும் பார்த்ததில்லை. ஆறில் இடது எத்தனை, ஆறில் வலது எத்தனை, அவ்வளவுதான் கேள்வி.

"உமைமா, நீ ஆளத் தேடுற. ஆள விடு, காலத் தேடு."

"புரியலக்கா."

"ஒருத்தருக்கு இடது ஆறு வேணும். வேற எவரோ ஒருத்தருக்கு வலது ஆறு வேணும். அவங்களோட இன்னொரு கால் எந்த சைஸா இருந்தா நமக்கென்ன? ஒரு ஜோடி ஆறு, ரெண்டு பேருக்கும் ஆச்சு. சைஸ் சைஸா இடது எத்தன, வலது எத்தனன்னு எண்ணு. எது ஜாஸ்தியோ அத்தன ஜோடி வெட்டு."

உமைமா வாயில் வைத்த கவளத்தை மெல்லவே மறந்துபோனாள்.

அதை ஷீட்டில் எழுதும் வேலையைத் தானே செய்வதாகத் தேவகி சொன்னாள். பத்தாவதோடு நின்றவள். போனில் தமிழ் வீடியோக்களைப் போட்டு, நிறுத்தி, திரும்பப் போட்டு, எண்ணுகிற சூத்திரம் எது, பெரியதை எடுக்கிற சூத்திரம் எது என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. உமைமா எட்டிப் பார்த்தாலும், "சொல்லாத, நானே பாத்துக்கறேன்" என்பாள். பதினொன்றாம் நாள், ஆர்டர் ஒரு பக்கம் விழ, வெட்ட வேண்டிய ஜோடி மறுபக்கம் தானாக மாறியது. சுவரிலிருந்த மிச்சத்தையும் அதிலேயே கழித்துக்கொள்ள வைத்தாள். அடுத்த இரண்டு மாதத்தில் சுவரின் வெள்ளையடிப்பு வெளியே தெரிந்தது.

ஒரு அடியும் விழுந்தது. கோவில்பட்டியிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். கோபப்படவில்லை. "இதுவும் பொருந்தலைங்க" என்று மட்டும் சொன்னாள். அந்த 'இதுவும்' தேவகியை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. விசாரித்ததில், கடைப் பக்கத்துப் படத்தில் செருப்பு கவிழ்ந்து கிடந்தது. அதைப் பார்த்து அவள் இடது வலது சைஸை மாற்றி நிரப்பியிருந்தாள். தேவகி படத்தை மாற்றினாள், வேறு செருப்பு அனுப்பினாள், அதோடு விடாமல் ஆர்டர் ஃபார்மில் மூன்றாவதாக ஒரு கேள்வி சேர்த்தாள்: 'உங்கள் சிறிய கால், சாப்பிடும் கையின் பக்கமா, மறு கையின் பக்கமா?' இந்தப் பதிலும் மேலே கொடுத்த சைஸும் ஒத்துப்போகவில்லை என்றால் ஷீட்டில் அந்த ஆளின் வரிசை சிவப்பாகிவிடும். சிவப்பு வந்தால் போன் போட்டுக் கேட்காமல் எதுவும் நகராது.

இப்படி இருக்கும்போதுதான் சேலத்திலிருந்து மேகலா பேசினாள். பள்ளிக்கூட டீச்சர். போலியோ வந்த பெண்கள் சேர்ந்து நடத்துகிற சங்கத்தின் தலைவி. சங்கத்துக்குப் பத்தாவது ஆண்டு விழா. முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே மாதிரி மெரூன் செருப்பு வேண்டும் என்றாள்.

"நாங்க யாருமே இதுவரைக்கும் அடுத்தவங்க போட்ட மாதிரி செருப்பு போட்டதில்லைங்க. பதிமூணு நாள்தான் இருக்கு. முடியுமா?"

"ஃபார்ம் அனுப்பறேன், எல்லாரையும் நிரப்பச் சொல்லுங்க" என்றாள் தேவகி.

மூன்று வரிசை சிவப்பாக வந்தன. மூன்று பேரிடமும் பேசிச் சரிசெய்தாள். பிறகு ஷீட் ஒரு எண்ணைக் காட்டியது: நாற்பத்தைந்து ஜோடி.

ஜியாவுல்லா பாய் ஒப்புக்கொள்ளவில்லை. "முப்பத்தெட்டுப் பேருக்கு ஆளுக்கு ரெண்டு ஜோடி, எழுபத்தாறு. நீ பாதிக்குக் கொஞ்சம் மேல சொல்ற. மெரூன் தோல் கொஞ்சந்தான் இருக்கு. வெட்டுனப்புறம் கம்மியாச்சுன்னா மறுபடி சாயம் போட்டு வாங்க நேரமில்ல. விழா நாள் அந்தப் பொண்ணுங்க என்ன பண்ணும்?"

"நீங்களே எண்ணிப் பாருங்க பாய்."

பாய் பட்டியலை வாங்கிப் போய் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து எண்ணினார். பட்டறைக்குத் திரும்பி வந்தபோது அவர் கையிலிருந்த தாளில் நாற்பத்தாறு என்றிருந்தது.

தேவகி போனில் ஷீட்டைத் திறந்தாள். ஒரு ஜோடி தப்பு என்றால் இதுவரை அனுப்பிய எல்லாமே சந்தேகம்தான். உமைமா அவள் முகத்தைப் பார்த்தாள். தோல் வெட்டும் கட்டிங் மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"சைஸ் சைஸா பாக்கலாம் பாய்" என்றாள் தேவகி. அவள் போனைப் பார்த்துப் படிக்க, பாய் தன் தாளைப் பார்த்துச் சொன்னார். சைஸ் மூன்று சரி. நாலில் பாய்க்கு ஒரு இடது குறைந்தது; ஆனால் நாலில் வலதுதான் அதிகம் என்பதால் ஜோடி மாறவில்லை. ஐந்து சரி. ஆறில் பாய்க்கு இடது பத்து, ஷீட்டில் ஒன்பது.

"ஆறுல இடது யார் யாருன்னு பேரப் படிங்க."

பாய் படித்தார். ஏழாவது பேரில் தேவகி நிறுத்தினாள். "நாமக்கல் செல்வமணி. அவங்களுக்கு இடது நாலு. சிவப்பு வந்து நான் போன்ல பேசினவங்க அவங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலைக் கிட்டக் கொண்டுபோனார்.

"நாலுதான்" என்றார். பிறகு கட்டிங் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "நாப்பத்தஞ்சு. தேவகிம்மா போட்ட கணக்கு இது. இதுக்கு மேல ஒரு துண்டு வெட்டாத."

ஜியாவுல்லா பாய் ஒருவருடைய பேரைச் சொல்லி ஆர்டர் கொடுத்து அந்தப் பட்டறையில் யாரும் கேட்டதில்லை. அன்று தேவகி வீட்டுக்கு நடந்தே போனாள். ஆட்டோ பிடிக்கத் தோன்றவில்லை.

செருப்பு தயாரானதும் கூரியரை நம்பாமல் இரண்டு பேரும் பெட்டிகளை ரயிலில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். மண்டபத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் பேர் இருந்தது. பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். ஒருத்திக்கு வார் இறுக்கமாக இருந்தது. தேவகி கையோடு கொண்டுவந்த துளைக் கருவியால் இன்னொரு ஓட்டை போட்டுக் கொடுத்தாள். மற்ற முப்பத்தேழும் சொன்ன காலில் சொன்னபடி உட்கார்ந்தன. செல்வமணி நாலடி நடந்துபோய்த் திரும்பி வந்தாள். பிறகு யாரும் கேட்காமலே இன்னொரு தடவை நடந்தாள். முப்பத்தெட்டுப் பேரும் வரிசையாக நின்று, முகத்தை விட்டுவிட்டு, காலை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

விழா தொடங்கும் முன் மேகலா ஒரு தாளும் பேனாவுமாக வந்தாள்.

"மேடைக்கு உங்களக் கூப்பிடப் போறோம். எப்படிச் சொல்லட்டும்? செருப்புக் கடை தேவகின்னா?"

தேவகி உமைமாவைப் பார்த்தாள். 'நீங்களே சொல்லுங்க' என்பதுபோல உமைமா கையைக் காட்டினாள்.

"ஆம்பூர்ல செருப்பு விக்கிறவங்கன்னு சொல்லுங்க" என்றாள் தேவகி. சற்று நிறுத்தி, "அத்தன பேரு கால் அளவையும் எண்ணிச் சொல்லுதே ஒரு ஷீட்டு, அத எழுதினவங்கன்னும் சொல்லுங்க. அது நான் எழுதினது" என்றாள்.

மேகலா அப்படியே எழுதிக்கொண்டாள். மைக்கில் அதை ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். கைதட்டலுக்கு நடுவே தேவகி எழுந்து, மேடைப் படிகளில் நிதானமாக ஏறினாள். அவசரம் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

இறங்கி வந்தபோது ஈரோட்டிலிருந்து வந்த இரண்டு பெண்கள் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள். அவர்கள் ஊரிலும் ஒரு சங்கம், இருபத்திரண்டு பேர். "அந்த ஃபார்ம எங்களுக்கும் அனுப்புவீங்களாம்மா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"நம்பர் சொல்லுங்க" என்று தேவகி போனை எடுத்தாள்.