பென்னர் வீடு மாறி நட்ட பலகை

ஆறாவது ஆட்டமும் தோற்ற மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்லா வாசல் கதவைத் திறந்தால், புல்தரையில் ஒரு பெரியவர் சுத்தியலும் கையுமாகக் குனிந்து நிற்கிறார். அவர் அடித்து இறக்கிக்கொண்டிருந்த பலகையில் கொட்டை எழுத்தில் 'வீடு விற்பனைக்கு' என்று எழுதியிருந்தது.

பெட்ரிக் கல்லூரி ஊரில் இதற்கு யாரும் அர்த்தம் கேட்கமாட்டார்கள். அணி தோற்றுக்கொண்டே போனால் கோச் வீட்டு வாசலில் இந்தப் பலகையை நடுவார்கள். மூட்டை முடிச்சைக் கட்டு, ஊரைக் காலி பண்ணு என்று வாயைத் திறக்காமல் சொல்வது. நெப்ராஸ்கா ஜனங்கள் நல்ல ஜனங்கள்தான். பனியில் கார் சிக்கினால் முகம் தெரியாத மூன்று பேர் இறங்கித் தள்ளிவிட்டுப் போவார்கள். ஆனால் பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற அவர்கள் ஊர் ஃபுட்பால் என்று வந்துவிட்டால் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் பலகைதான்.

"என்ன பெரியவரே, காலங்காத்தால?" என்றாள் டார்லா.

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். எழுபது வயதிருக்கும். காது மூடிய தொப்பி, சட்டைப் பையில் விதைக்கடைப் பேர் போட்ட பேனா. "இது ஹெட் கோச் ஹாலோவே வீடுதானே?"

"அவர் வீடு இருநூத்தி நாப்பத்தொண்ணு. இது இருநூத்திப் பதினாலு. லைன் கோச் வீடு."

பெரியவர் பலகையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார். பிறகு சுத்தியலை ஓங்கி இன்னும் ஒரு போடு போட்டார். "லைன் கோச்சா? அப்ப சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கேன்!"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பந்தை எறிகிறவன் மேல் எதிராளி வந்து விழாமல் மறித்து நிற்கிற ஐந்து தடியன்களுக்குத்தான் லைன் என்று பேர். அந்த ஐந்து பேருக்கும் வாத்தியார் டார்லாவின் புருஷன் வெண்டெல். முந்தின நாள் மட்டும் பந்து எறிகிற பையன் ஒன்பது தடவை மண்ணைக் கவ்வினான். ஒன்பது! அவனைப் பெற்றவள் அதைப் பார்க்கமாட்டாமல் எழுந்து காருக்குப் போய்விட்டாள்.

டார்லாவுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "என்கிட்ட ஏன் சொல்றீங்க? வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க. அந்த அஞ்சு பேரும் இங்கதான் சாப்பிடுவானுங்க. தைரியம் இருந்தா அவனுங்க மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

"ஆர்வில் பென்னருக்கா தைரியம் இல்ல? முப்பத்தோரு வருஷமா அதே ஸீட்ல உக்காந்து திட்டுறவன்மா நான்!"

"அப்ப பசியோட வாங்க."

சிரித்துவிட்டாளே தவிர, உள்ளே வந்து கதவைச் சாத்தியதும் ஜன்னல் வழியாக அந்தப் பலகையை இன்னொரு தடவை பார்த்தாள். பலகை வந்துவிட்டது என்றால் கோச்சின் வேலைக்கு நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஹெட் கோச் போனால் கூட இருக்கிற கோச்சுகளும் கூண்டோடு போகவேண்டியதுதான். புதிதாக வருகிறவர் தன் ஆட்களோடு வருவார். பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் டார்லா எட்டு வீடு மாறியிருக்கிறாள். எந்த வீட்டிலும் மூன்றாவது தடவை தக்காளி நட்டதில்லை. அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. மகள் டெஸ்ஸுக்குத்தான் பழகவில்லை. அந்தப் பெண் நாலு பள்ளிக்கூடம் பார்த்துவிட்டாள். ஐந்தாவதாக இங்கே சேர்த்தபோது டார்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பன்னெண்டாவது முடிக்கிற வரைக்கும் இனி மாறமாட்டோம். இது சத்தியம்" என்று சொல்லியிருந்தாள். டெஸ் இப்போது பன்னிரண்டாவதில் இருந்தாள். முடிக்க இன்னும் ஏழு மாதம் இருந்தது.

சத்தியம் செய்கிற வாய்க்கு என்ன தெரியும், ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று!

வியாழக்கிழமை சொன்னபடி பென்னர் வந்தார். சண்டைக்கென்றே சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். மேஜையில் ஒரு அண்டா நிறைய சில்லி என்கிற கறியும் பீன்ஸும் போட்ட குழம்பும், அதற்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரோல் நாலு தட்டும் இருந்தன. ஐந்து பையன்களும் வரிசையாக எழுந்து நின்றதும் அந்த அறையில் வெளிச்சமே குறைந்துவிட்டது.

"ஐயாவுக்கு உங்ககிட்ட ஏதோ சொல்லணுமாம்டா" என்றாள் டார்லா.

பென்னர் தொண்டையைச் செருமினார். அதற்குள் நடுவில் நிற்கிற ப்ரோடி முந்திக்கொண்டான். பந்தைக் காலிடுக்கு வழியாகப் பின்னால் தள்ளிவிடுவது அவன் வேலை. "தெரியும் ஐயா. நாலாவது தடவை அவன் விழுந்தது என்னாலதான். கை வழுக்கிடுச்சு." சொல்லிக்கொண்டே கையைக் காட்டினான். வலது கையில் இரண்டு விரலைச் சேர்த்துக் கட்டுப் போட்டிருந்தது. வீங்கி, கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

"இது எப்போ ஆச்சு?"

"ரெண்டாவது ஆட்டத்துல."

"அஞ்சு வாரமா இந்தக் கையோடயா ஆடுறே?"

"வேற ஆள் இல்லையே ஐயா" என்றான் ப்ரோடி. "கோச்சம்மா, சில்லி ஆறிடும், சாப்பிடலாமா?"

பென்னர் அதற்கப்புறம் வாயைத் திறந்தது சாப்பிடுவதற்கு மட்டும்தான். போகும்போது டார்லாவிடம் மெதுவாகச் சொன்னார். "நாக்குல நரம்பில்லாமப் பேசிட்டேன்மா. மேல உக்காந்து பார்த்தா எல்லாவனும் மலை மாதிரி தெரியுறான். கிட்ட வந்து பார்த்தா, பால் குடி மறக்காத பசங்க." தான் நட்ட பலகையைத் தானே பிடுங்கி வண்டியில் போட்டுக்கொண்டு போனார். அடுத்த வியாழன் அரை மாட்டு இறைச்சியோடு வந்து, "பசங்களுக்கு" என்று மட்டும் சொல்லி ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுப் போனார். அதன் பிறகு ஒரு வியாழன் கூட அவர் தவறவில்லை. ஆனால் சனிக்கிழமை மைதானத்தில் வழக்கம்போலத் திட்டத்தான் செய்தார். பிறவிக் குணத்தை என்ன செய்ய முடியும்?

நவம்பரில் ஹாலோவேயைத் தூக்கினார்கள். மிச்சமிருந்த இரண்டு ஆட்டத்துக்கு வெண்டெலை ஹெட் கோச்சாக நிறுத்தினார்கள். மூழ்குகிற கப்பலுக்கு மாலுமி! ஒன்றில் பதினேழு பாயின்டில் தோற்றார்கள், கடைசி ஆட்டத்தில் ஒரே ஒரு பாயின்டில். ஆக மொத்தம் ஆடியது பதினொன்று, ஜெயித்தது இரண்டு. கடைசி ஆட்டத்தில் பந்து எறிகிற பையன் ஒரு தடவைகூட விழவில்லை. ஆனால் அதைக் கவனித்தது டார்லாவும் பென்னரும் மட்டும்தான்.

டிசம்பர் முதல் வாரம் புது ஹெட் கோச் வந்தார். வெண்டெலைக் கூப்பிட்டு, மரியாதையாகக் காபி கொடுத்து, "என்கிட்ட ஏற்கெனவே ஒரு லைன் கோச் இருக்கார்" என்று சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. வெண்டெலும் போன இடத்திலெல்லாம் அப்படி இன்னொருத்தரின் நாற்காலியில்தான் போய் உட்கார்ந்திருக்கிறார். ஐடஹோவில் ஒரு சின்னக் கல்லூரி கூப்பிட்டது. ஜனவரியில் சேரவேண்டும். இருந்த வீடு கல்லூரியுடையது. மாதம் முடிவதற்குள் காலி செய்யவேண்டும். ஊரில் ஐந்து மாதத்துக்கு மட்டும் வீடு தருகிறவர் யாருமில்லை. டார்லா பத்து இடத்தில் கேட்டுவிட்டாள்.

டெஸ் அழுதிருந்தால்கூடத் தேவலை. ஒருநாள் பள்ளி விட்டு வந்தவள் பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளை இறக்கித் தன் துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். கனமானது கீழே, லேசானது மேலே. யாரும் சொல்லித்தரவேண்டியதில்லை, அவ்வளவு பழக்கம்.

"டெஸ், அம்மா உனக்குச் சத்தியம் பண்ணினேனே..."

"விடும்மா. நீயா பந்தை எறிஞ்சே?"

டார்லா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

அன்று வியாழக்கிழமை. சீசன் முடிந்துவிட்டதால் சாப்பாடு கிடையாது. ஆனாலும் ஆறு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். பென்னர், கூடவே அவர் மனைவி ஃபெர்ன்.

"இந்த மனுஷன் ரெண்டு நாளா வீட்டுக்குள்ள குறுக்கும் நெடுக்குமா நடக்குறார்மா" என்றாள் ஃபெர்ன். "சொல்லுங்களேன்!"

"நீயே சொல்லு."

"பொதுவுல கத்தத் தெரியுது, நல்லது பேச வாய் வரலையாக்கும்!" ஃபெர்ன் டார்லாவின் பக்கம் திரும்பினாள். "எங்க விதைக்கடைக்கு மேல ரெண்டு ரூம் இருக்கு. இவர் தம்பி இருந்தது. அடுப்பு, ஹீட்டர் எல்லாம் நல்லாயிருக்கு. உன் வீட்டுக்காரர் முன்னாடி போகட்டும். நீயும் பொண்ணும் மே மாசம் வரைக்கும் அங்க இருங்க. பொண்ணு இங்கயே படிப்பை முடிக்கட்டும்."

"வாடகைன்னு வாயைத் திறந்தா பலகையை எடுத்துட்டு வந்துடுவேன்" என்றார் பென்னர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

டார்லா ஃபெர்னின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த டெஸ், இறங்கி வந்து அந்தக் கிழவரைக் கட்டிக்கொண்டாள். பென்னர் தொப்பியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார்.

அவர்கள் போனதும் வெண்டெல் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டார். "சீசன் முழுக்க என்னைத் திட்டின மனுஷன் வீட்டுலயா நீங்க இருக்கணும்?"

"திட்டினவர்தான் வந்து கதவைத் தட்டினார் வெண்டெல். ஜெயிச்சப்போ தோள்ல தட்டினவன் எவனாவது வந்தானா?"

வெண்டெல் மறுநாள் காலையில் விதைக்கடைக்குப் போய்ப் பென்னரிடம், "என் குடும்பத்தைப் பார்த்துக்கிறீங்க, இந்த உபகாரத்தை உயிர் உள்ளவரைக்கும் மறக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். பென்னர் அதற்கு, "ஐடஹோவுலயாவது எப்பப் பாரு பந்தை எறியாம, கையில வச்சுக்கிட்டு ஓடுற ஆட்டம் ஆடுங்க" என்றாராம்.

சாமான் மாற்றுகிற சனிக்கிழமை ஐந்து பையன்களும் வந்து நின்றார்கள். தேர்வு முடிந்து முந்தின நாளே ஊருக்குக் கிளம்பியிருக்கவேண்டியவர்கள். ப்ரோடியின் அப்பா டெக்ஸஸிலிருந்து காரோடு வந்துவிட்டு, ஒரு நாள் லாட்ஜில் தங்கிக் காத்துக்கொண்டிருந்தார். கட்டில், மேஜை எல்லாம் ஒரு மணி நேரத்தில் போய்விட்டது. கடைசியில் ஃப்ரீசர். இறைச்சியை எடுத்துவிட்டுத் தூக்குங்கடா என்றால் கேட்டால்தானே! விதைக்கடை மாடிப்படியோ ஒரு ஆள் பக்கவாட்டில் ஏறுகிற அகலம்.

வெண்டெல் படிக்குக் கீழே நின்றார். கை தானாக இடுப்புக்குப் போனது. "இடுப்பை இறக்குடா! முதுகால தூக்காதே, காலால தூக்கு! பக்கத்துல இருக்கிறவன் எங்க இருக்கான்னு பாரு! ப்ரோடி, நீ சொல்லு, எல்லாரும் சேர்ந்து!"

"ஒண்ணு, ரெண்டு, இப்போ!" என்றான் ப்ரோடி.

ஐந்து பேரும் ஒரே உடம்பாக நகர்ந்தார்கள். சீசன் முழுக்க வெண்டெல் தொண்டை கிழியக் கத்திக் கேட்டது அதைத்தான். திருப்பத்தில் கொஞ்சம் முக்கினார்கள், அவ்வளவுதான். ஃப்ரீசர் மேலே போய் உட்கார்ந்தது.

ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் அதன் வீடியோவைப் போட்டுப் பார்த்து ஆளுக்கொரு மார்க் போடுவது வெண்டெலின் வழக்கம். அந்த வருஷம் எழுபதைத் தாண்டியவன் எவனுமில்லை. ப்ரோடி மூச்சு வாங்கிக்கொண்டு மேலேயிருந்து எட்டிப் பார்த்தான். "கோச், எங்களுக்கு என்ன மார்க்?"

வெண்டெல் படியேறிச் சென்று நிதானமாகப் பார்த்தார். "தொண்ணூத்தாறு."

"மிச்சம் நாலு எங்க போச்சு?"

"சுவத்துல பெயின்ட் உரிஞ்சிருக்கு பாரு."

பையன்கள் ஓவென்று கத்தினார்கள். வெண்டெலும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் சொன்னார். "டேய், ஜெயிக்கிற பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறது பெரிய விஷயமில்லடா. நீங்க ஒவ்வொரு சனிக்கிழமையும் அடி வாங்கிட்டு, திங்கட்கிழமை காலையில ஒருத்தன் விடாம வந்து என் முன்னாடி நின்னீங்க. அதுக்கு நன்றி. ரொம்ப நன்றி." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டார். டார்லா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பேசி அவள் கேட்டதில்லை.

ஜனவரி இரண்டாவது வாரம், வெண்டெல் ஐடஹோவுக்குப் போன பிறகு, டார்லா பள்ளி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எழுத்தராக இருக்கிற மிஸஸ் லுண்ட் அவளைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள்.

"கேள்விப்பட்டேன்மா. கோச்சு வீட்டுப் பிள்ளைங்க பாவம், வருஷா வருஷம் இதே கதைதான்." கேட்காமலே இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்துத் தள்ளினாள். டெஸ்ஸின் பெயரைக்கூட எழுதித் தயாராக வைத்திருந்தாள்.

பள்ளியை விட்டு விலகும் படிவம். டார்லா இதை நாலு தடவை நிரப்பியிருக்கிறாள். பேனாவை வாங்கியதும் கை தன் பாட்டுக்கு எழுத ஆரம்பித்துவிட்டது. பெற்றோர் பெயர் எழுதியாயிற்று. 'சேரப்போகும் பள்ளி' என்ற கட்டத்துக்கு வந்தபோதுதான் சட்டென்று நின்றாள்.

"ஐயையோ! மிஸஸ் லுண்ட், இது வேண்டாம்."

"ஏம்மா?"

"என் பொண்ணு எங்கயும் போகலை. விலாசம் மட்டும்தான் மாறியிருக்கு."

"விலாசமா? எந்த ஊரு?"

"இதே ஊருதான்" என்றாள் டார்லா. கண்ணீர் தாரையாக வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. "பென்னர் விதைக்கடை மாடி. எழுதிக்குங்க."