உருட்டிக்கொண்டு போகும் தெரு

"ஏம்மா, ஏறி வந்தியா, உருட்டிக்கிட்டு வந்தியா?"

ஏட்டு வீரையா கேட்டது இவ்வளவுதான். கேட்டுவிட்டு, மடியில் விரித்த காகிதத்தின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பாண்டியம்மாள் கால்மாட்டைப் பார்த்தாள். அவளுடைய இடது கால், முழங்காலுக்குக் கீழே முறிந்து, மாவுக்கட்டோடு தலையணை மேல் கிடந்தது. கால்மாட்டில் புருஷன் மூக்கையா நின்றான். ஜன்னலோரம் இருந்த ஒரே நாற்காலியில் பனையேந்தலில் அதிக நிலம் வைத்திருக்கும் பெரிய சம்சாரி சேதுராமன் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றான் அவர் மகன் பூமிநாதன். மூன்று நாளைக்கு முன்பு அவளை இடித்த ஜீப்பை ஓட்டியவன் அவன்தான்.

பனையேந்தலில் கீழக் குடியிருப்புக்காரர்கள் எங்கே போவதானாலும் தேரடித் தெரு வழியாகத்தான் போக வேண்டும். ஒரு பக்கம் கண்மாய், மறுபக்கம் கருவேலங்காடு. வேறு பாதை கிடையாது. தெரு தொடங்கும் இடத்தில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். முடியும் இடத்தில் ஏறிக்கொள்ளலாம். இதை யாரும் எங்கேயும் எழுதிப் போடவில்லை. சாமி தேர் ஓடும் தெரு என்று காரணம் சொல்வார்கள். அதே தெருவில் தேரடித் தெருப் பிள்ளைகள் இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓட்டிப் பழகினார்கள். கீழக் குடியிருப்பிலிருந்து ஒருவர் தபால்காரராக இருந்தார். இருபது வருஷம் தேரடித் தெருக் கடிதங்களை அவர் உருட்டிக்கொண்டு போய்த்தான் கொடுத்தார். யாராவது மறதியாக ஏறி வந்துவிட்டால், பின்னால் வருகிற வண்டி ஹாரன் அடிக்கும். ஏறி வந்தவர் குதித்து இறங்குவார்.

பாண்டியம்மாள் கீழக் குடியிருப்புக்காரி. மேலேந்தல் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். போக வர ஆறு மைல். கல்யாணமான புதிதில் மூக்கையாதான் வற்றிய கண்மாய்க்குள் வைத்து அவளுக்குச் சைக்கிள் பழக்கினான். கேரியரைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடி வருவான். விட்டுவிட்டேன் என்று சொல்லாமலே ஒரு நாள் விட்டுவிட்டான்.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை பிள்ளைகளுக்கு முட்டை. முட்டை வண்டி பனையேந்தல் பள்ளிக்கூடத்தோடு திரும்பிவிடும். அங்கிருந்து மேலேந்தலுக்கு அவள்தான் கேரியரில் கட்டிக் கொண்டுபோக வேண்டும். ஏறி மிதித்தால் பாரம் நேராக நிற்கும். குண்டும் குழியுமான தேரடித் தெருவில் உருட்டினால் ஒரு பக்கமாகச் சாயும். போன தடவை அப்படித்தான் சாய்ந்து, அறுபத்திரண்டு முட்டையில் பத்தொன்பது உடைந்துபோனது. அன்றைக்குப் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அரை முட்டைதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, தனக்கு வந்த பாதியில் மஞ்சள் கரு இல்லையென்று தட்டைப் பார்த்து அழுதது.

அதனால் இந்தத் தடவை அவள் இறங்கவில்லை.

தெருமுனை வந்ததும் கால்கள் தாமாகவே மெதுவாகின. பிறகு மிதித்தாள். குழாயடியில் பேச்சு நின்றது. பாதித் தெருவில் பின்னால் ஹாரன் கேட்டது. எதற்கு அடிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இடது ஓரமாக ஒதுங்கினாள். மறுபடியும் ஹாரன். சாக்கடை விளிம்பு வரை ஒதுங்கினாள். வலப் பக்கம் லாரியே போகுமளவு இடம் கிடந்தது. மூன்றாவது ஹாரன் முடிவதற்குள் ஜீப் பின்சக்கரத்தில் மோதியது.

அன்று சாயங்காலமே ஊர் கூடியது. குற்றம் யாருடையது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. "ஏறி வந்தா இப்படித்தான் ஆகும்," என்றார் சேதுராமன். "புது வண்டி. ரத்தம் பட்டுப்போச்சு. தோசம் போகக் கழிப்புக் கழிக்கணும். ஏலே மூக்கையா, தேங்காயும் எலுமிச்சம்பழமும் நீதான்டா வாங்கியாரணும்." பெண்டாட்டிக்கு ராமநாதபுரத்தில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மூக்கையா அந்த ஜீப்புக்கு முன்னால் தேங்காய் உடைத்தான்.

மறுநாள், பரமக்குடியில் வக்கீலாக இருக்கும் உறவினர் ஒருவர் சேதுராமனுக்கு விஷயத்தை விளக்கினார். இறங்கவில்லை என்பதற்காக இடித்தது வெளியே தெரிந்தால் மகன் ஜெயிலுக்குப் போவான். அவள் உருட்டிக்கொண்டு வந்தாள், முட்டைப் பாரம் சாய்ந்தது, அவளாகவே ஜீப் பக்கம் விழுந்தாள் என்றால் வழக்கே இல்லை. அதனால்தான் சேதுராமன் ஆப்பிளும் ரொட்டியும் நிறைந்த ஒரு பையோடு ஆஸ்பத்திரிப் படியேறி வந்திருந்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் அவர் ஏட்டிடம். "என்னைக்கும் அது உருட்டிக்கிட்டுத்தான் வரும். நல்ல புள்ள. போன தடவையும் பாரம் சாஞ்சு முட்டை ஒடஞ்சுச்சு, ஊரே பாத்துச்சு. எழுதிக்கங்க."

"அந்தம்மா சொல்லணும்ணே," என்றார் ஏட்டு.

மூக்கையா கட்டிலோரம் வந்து குனிந்தான். "சொல்லிரு பாண்டி. உருட்டிக்கிட்டு வந்தேன், சாஞ்சிருச்சு. இம்புட்டுத்தான். ரெண்டு குறுக்கம் நெலத்த வாரத்துக்கு உழுதுக்கன்னு மொதலாளி சொல்லிருக்காக. இல்லாட்டி நாளையிலருந்து அந்தத் தெருப்பக்கம் எனக்கு வேலையே கெடையாது."

"அன்னிக்கு நான் ஏறி வந்தது குத்தம்னுதான உங்களத் தேங்கா ஒடைக்க வச்சாக?"

"மெல்லப் பேசு."

"இன்னிக்கு நான் எறங்கிட்டேனாக்கும்?"

அடுத்த கட்டிலில் ஏர்வாடி சபியா படுத்திருந்தாள். பஸ் படியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டவள். இவ்வளவு நேரமும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையை மட்டும் திருப்பினாள்.

"ஏட்டய்யா, ஒண்ணு கேக்கலாமா? சைக்கிள்ல ஏறிப் போறது சட்டத்துல குத்தமா?"

"குத்தமில்லம்மா. இடது ஓரமாப் போகணும், அவ்வளவுதான். பின்னால வர்ற வண்டிதான் பாத்து வரணும்."

"அல்லாவே! நான்கூட, கூடவே நடத்திக் கூட்டிட்டுப் போகத்தான் சைக்கிளு செஞ்சிருக்கான்னு நெனச்சிட்டேன், ஆட்டுக்குட்டி மாதிரி."

எதிர்க் கட்டிலில் யாரோ சிரித்தார்கள். மூக்கையா சேதுராமனைத் திரும்பிப் பார்த்தான்.

பாண்டியம்மாள் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தாள். வலியில் உதட்டைக் கடித்தாள். சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவள். குரல் அந்தக் கட்டிலைச் சுற்றி இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும்.

"ஏறித்தான் வந்தேன் சார். இடது ஓரமா வந்தேன். ஹாரன் அடிச்சாக, ஒதுங்குனேன். மறுபடி அடிச்சாக, இன்னும் ஒதுங்குனேன். எறங்கல."

பேனா ஓடத் தொடங்கியது. சேதுராமன் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார். "மருந்து மயக்கத்துல ஒளறுது. எழுதாதீக! உருட்டிக்கிட்டு வந்து விழுந்துச்சு. நேர்ல பாத்த சாட்சி எத்தன பேரு வேணும், கூட்டியாரேன்."

அப்போதுதான் பூமிநாதன் வாயைத் திறந்தான்.

"இல்லய்யா, நான் மூணு தடவ ஹாரன் அடிச்சேன்ல. எறங்கவே இல்லையே. அது பாட்டுக்கு மிதிச்சுக்கிட்டே போச்சு. எறங்கிருந்தா நான் ஏன் இடிக்கப் போறேன்?"

தன் பக்க நியாயத்தை யாருமே கேட்கவில்லை என்ற மனவருத்தம் அவன் குரலில் இருந்தது. இருபத்திரண்டு வயதில், அந்தத் தெருவில் அந்தச் சத்தத்துக்கு இறங்காத ஒருவரை அவன் பார்த்ததே இல்லை. தான் சொன்னது தனக்குச் சாதகமான சாட்சி என்றே அவன் நம்பினான்.

ஏட்டு காகிதத்திலிருந்து மெதுவாக நிமிர்ந்தார்.

"தம்பி, இப்பச் சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க."

"வாயப் பொத்துடா!" சேதுராமன் மகனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். "எதுவா இருந்தாலும் எங்க வக்கீலோட வந்து பேசிக்கிறோம்." வாசலில் நின்று மூக்கையாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வராந்தாவில் இரண்டு பேருடைய செருப்புச் சத்தமும் தேய்ந்து போனது.

ஏட்டு மிச்சத்தையும் எழுதி முடித்தார். அவள் சொன்னதை அவளுக்கு வாசித்துக் காட்டினார். 'இறங்கவில்லை' என்ற இடம் வந்தபோது அவள் தலையாட்டினாள். பேனாவை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக, 'மூ. பாண்டியம்மாள்' என்று கையெழுத்துப் போட்டாள்.

"சாட்சிக்கு ரெண்டு கையெழுத்து வேணும். ஏப்பா, புருஷன் நீ ஒண்ணு போடு."

மூக்கையா பேனாவைப் பார்த்தான்.

"போடுங்க," என்றாள் பாண்டியம்மாள். "நான் சொன்னதத்தான எழுதிருக்காக. நடந்ததத்தான சொன்னேன்."

அவன் கை நீளவில்லை.

"அவுக யோசிக்கட்டும். இங்கன கொண்டாங்க முதல்ல," என்றாள் சபியா. "இடுப்புத்தான் ஒடஞ்சிருக்கு, கை நல்லாத்தான் இருக்கு."

ஏட்டு காகிதத்தை ஓர் அட்டையில் வைத்து அவள் பக்கம் கொண்டுபோனார். சபியா படுத்தபடியே, அட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு எழுதினாள்.

நாற்காலியில் சேதுராமன் விட்டுப்போன பை கிடந்தது. ஓர் ஆப்பிள் பாதி வெளியே தெரிந்தது. மூக்கையா அதை உள்ளே தள்ளி, பையின் காதுகளைச் சேர்த்து முடிந்தான். அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காலில் விழத்தான் போகிறான் என்று பாண்டியம்மாளுக்குத் தெரிந்தது. அவள் கூப்பிடவில்லை. அவன் பையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, அவள் காலையும் பார்க்காமல், முகத்தையும் பார்க்காமல் வெளியே போனான்.