இரண்டாவது கோடு

அந்தக் கிட்டார் பட்டறையில் சின்ன மருமகளுக்குப் பெயர் 'காது'. மாமனார்தான் வைத்தார். வைத்ததோடு விட்டாரா? வருகிறவர் போகிறவரிடமெல்லாம், நம்ம காது ஒரு தட்டு தட்டினால் மரம் தன் கதை முழுவதையும் கொட்டிவிடும் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்.

மூத்த மருமகளுக்கு அப்படி ஒரு பெயரும் கிடையாது. பதினான்கு வருஷமாகக் கிட்டார் கழுத்துக்கு மரம் பார்க்கிறாள். சின்னவள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து மூன்றே வருஷம். அதற்குள் இவ்வளவு பெரிய பேரா என்று மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. பாத்திரம் கழுவும்போதும் எரிந்தது, படுக்கையை உதறிப் போடும்போதும் எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, பொறாமைதான்.

மரம் பொறுக்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கட்டையைத் தேர்ந்தெடுத்தால் இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இருவரும் கட்டையின் அடியில், கிட்டாரின் உடலோடு ஒட்டி மறைந்துவிடும் இடத்தில், ஆளுக்கொரு பென்சில் கோடு போட வேண்டும். இரண்டு கோடு விழாத கட்டையில் உளி வைக்கக் கூடாது. தேர்ந்தெடுத்தவரே கழுத்தைச் செதுக்கவும் வேண்டும்.

சின்னவள் கட்டையை இரண்டு விரலால் தொங்கவிட்டு, விரல் முட்டியால் நடுவில் தட்டுவாள். 'டங்'கென்று நின்று ஒலித்தால் இந்தப் பக்கம், 'டொக்'கென்று செத்தால் அந்தப் பக்கம். பிறகு மூத்தவளின் முறை. கண்ணுக்கு நேரே பிடித்து ரேகை நேராக ஓடுகிறதா என்று பார்ப்பாள். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒரு துடை துடைப்பாள். அந்த ஈரம் காய்கிறவரை, பத்து எண்ணும் நேரம், மரம் உள்ளதை உள்ளபடி காட்டும். காய்ந்துவிட்டால் பழையபடி ஒன்றும் தெரியாததுபோல் இருந்துவிடும்.

ஒருநாள் காலை, ஊர் ஊராகப் போய் மேடையில் வாசிக்கிற கிட்டார்காரர் ஒருவர் படியேறி வந்தார். வாசலில் நின்றவள் மூத்தவள். வாங்க என்றாள். அவர் அவள் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"காது இருக்காங்களா?"

எதிரே நிற்கிற ஆள் என்ன கதவா, ஜன்னலா? அவருக்குப் புதுக் கிட்டார் வேண்டுமாம். கழுத்து மரத்தைக் காதுதான் பொறுக்க வேண்டுமாம். மாமனாருக்கு வாயெல்லாம் பல். சின்னவள் அவரை மரம் அடுக்கிய அறைக்குக் கூட்டிப்போய் வெகுநேரம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேச்சு என்று மூத்தவளுக்குக் கேட்கவில்லை. தன்னைப் பற்றி இருக்காது என்பது மட்டும் அவளுக்கு நிச்சயம்.

மதியம் சின்னவள் ஒரு மகோகனிக் கட்டையோடு வந்தாள். நாற்பது கட்டைகளைத் தட்டிவிட்டுப் பொறுக்கியது. தன் கோட்டைப் போட்டிருந்தாள்.

"ஒலி அருமையா இருக்குக்கா. ஆனா நடுவுல எங்கயோ லேசா இடறுற மாதிரி இருக்கு. நீங்க பாத்துச் சொல்லுங்க."

மூத்தவள் கண்ணுக்கு நேரே பிடித்தாள். வாரிவிட்ட தலைமுடிபோல ரேகை நேராகத்தான் இருந்தது. துணியால் துடைத்தாள். ஐந்தாவது ஃபிரெட், அதாவது கழுத்தின் குறுக்கே பதிக்கிற உலோகப் பட்டை, வரவேண்டிய இடத்தில், ஓரமாக, கட்டைவிரல் நகத்தளவு ஒரு சுழி எழுந்து வந்தது. எந்தக் காலத்திலோ அங்கே ஒரு கிளை கிளம்பப் பார்த்திருக்கிறது. கம்பிகளைக் கட்டி இழுத்தால் கழுத்து அங்கேதான் முறுக்கிக்கொள்ளும். வளைந்த கழுத்தை உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி நிமிர்த்திவிடலாம். முறுக்கிக்கொண்ட கழுத்தைத் தூக்கித்தான் போட வேண்டும்.

மூன்று, நான்கு, ஐந்து. ஈரம் ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. சின்னவள் சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சுழி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காது இருக்காங்களா என்று கேட்டாரே, இப்போது வந்து கேட்கட்டும் என்று ஒரு ஆங்காரம் நெஞ்சுக்குள் எழுந்தது. எட்டு, ஒன்பது. சுழி மறைந்தது.

"சரி" என்றாள் மூத்தவள்.

இரண்டாவது கோட்டையும் போட்டாள். கட்டையைச் சின்னவளிடம் நீட்டினாள்.

சின்னவள் அந்தக் கழுத்தை ஆசை ஆசையாகச் செதுக்கினாள். கிட்டார் தயாராகி, கேட்டவர் கைக்குப் போயிற்று. ஐந்தாவது மாதம் திரும்பி வந்தது. கிட்டார்காரர் கத்தவில்லை, கோபிக்கவில்லை. மேசைமேல் வைத்து, தலைப்பக்கமிருந்து பார்க்கச் சொன்னார். கழுத்து, பிழிந்த துணிபோல ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. மாமனார் முகத்தில் ஈயாடவில்லை.

மூத்தவள் காத்திருந்த நாள் இதுதான். அக்காவும்தானே பார்த்தாங்க என்று சின்னவள் சொல்வாள். நான் பார்த்தபோது ஒன்றும் தெரியலையே என்று இவள் சொல்வாள். பதிலைக்கூடப் பலதடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

"மரத்துல தப்பு இருக்காது மாமா" என்றாள் சின்னவள். "அக்கா பாத்தாங்க. அவங்க கண்ணு தப்பாது. நான்தான் செதுக்குறப்ப எங்கயோ கெடுத்திருக்கேன்."

கிட்டார்காரர் தலையாட்டினார். அன்றைக்கே மர அறையில் இவங்க சொன்னாங்களே, காது பாதிதான், மீதிப் பாதி எங்கள் அக்கா கண் என்று அவ்வளவு நேரம் சொன்னாங்களே என்று சின்னவளைக் காட்டினார். பிறகு மூத்தவளை நேருக்கு நேர் பார்த்து, புதுக் கழுத்துக்கு மரத்தை நீங்களே பொறுக்கித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். பதினான்கு வருஷத்தில் அவளிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சரிங்க என்று தலையை மட்டும் அசைத்தாள்.

மறுநாள் சின்னவள் தானாகவே உப்புத்தாள் தேய்க்கிற மேசைக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். யாரும் அவளைக் காது என்று கூப்பிடவில்லை. மூத்தவள் காலையெல்லாம் தேடி ஒரு கட்டையை எடுத்தாள். ரேகை நேர். ஸ்பிரிட்டிலும் சுத்தம். முட்டியால் தட்டிப் பார்த்தாள். மரத்தைத் தட்டினால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது, அவ்வளவுதான். முதல் கோட்டைப் போட்டுக்கொண்டு சின்னவளிடம் போனாள்.

"இதைக் கொஞ்சம் தட்டிப் பாரு."

"வேணாங்கா. அன்னைக்கும் இடறுதுன்னு நெனச்சேன். நீங்க பாத்தா மரம் சுத்தமா இருந்துச்சு. என் காதை நம்பி இன்னொண்ணு கெடணுமா?"

மூத்தவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"அதுல சுழி இருந்துச்சுடி. நான் பாத்தேன். பாத்துட்டுதான் சரின்னேன். உன்மேல பொறாமை எனக்கு."

உப்புத்தாள் நின்றது. சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. திட்டட்டும், கட்டையைத் தூக்கி எறியட்டும், மாமனாரைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டட்டும் என்று மூத்தவள் நின்றாள்.

"என்னைத் தேத்தறதுக்காக இப்படி ஒரு பழியை உங்க தலையில போட்டுக்குவீங்களாக்கா?" என்றாள் சின்னவள். "உங்களை எனக்குத் தெரியாதா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டையை வாங்கினாள். தட்டவில்லை, திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பென்சிலை எடுத்து, மூத்தவள் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டாவது கோட்டைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்க சரின்னா சரிதாங்கா."