பல்லில்லாத கத்தி

ஆறு கத்திகளையும் ஒஃபீலியா இடது கையால்தான் எடுத்து வைத்தாள். பச்சை வெல்வெட் துணியின் மேல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டு, முனைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி. வலது கை மேசை விளிம்பில் சும்மா கிடந்தது. கட்டைவிரலுக்கு அடியில் மேடாக இருக்க வேண்டிய சதை, கரண்டியால் தோண்டி எடுத்தது போல் குழிந்திருந்தது.

"அந்தக் கைக்கும் சேத்துத்தான் சம்பளம் குடுக்கறேனா?" என்றாள் ஜனெல்.

"அதுவும்தான் வந்திருக்கு. உக்காந்து மேற்பார்வை பாக்குது."

"எனக்குச் சிரிப்பு வரல, ஒஃபீலியா."

ஜனெல்தான் கடைக்காரி. வயது முப்பத்தைந்து இருக்கும். நெப்ராஸ்காவின் அந்தச் சின்ன ஊரில் கல்யாணப் பரிசுக்கு நல்ல பாத்திரம் வேண்டுமென்றால் அவளிடம்தான் வர வேண்டும். ஊரின் கீழ்க்கோடியில் இறைச்சி ஆலை. கீழ்க்காற்று அடித்தால் ஆலை நாற்றம் கடைக்குள் வரும். ஜனெல் உடனே இலவங்கப்பட்டை வாசனை மெழுகுவத்தியை ஏற்றுவாள். அன்றைக்கு ஏற்றியிருந்தாள்.

"ஆறு வாரம் வச்சுப் பாக்கறேன்னு சொன்னேன். இன்னிக்கு ஆறாவது சனிக்கிழமை. நீ சொன்னேன்னு இந்தப் பல்லில்லாத கத்தி பதினெட்டு பெட்டி வாங்கிப் போட்டேன். எத்தனை போச்சு?"

"நாலு."

"ஊரே பல் வச்ச ஸ்டேக் கத்தி கேக்குது. நீ மட்டும் மழமழன்னு இருக்கறதுதான் கத்தின்னு பாடம் நடத்தற."

"அதான் கத்தி. மத்தது ரம்பம்."

"அதை வர்றவங்ககிட்ட சொல்லு. கறியை வாட்டி வெட்டிக் காட்டு. வாசனைக்காவது நாலு பேர் உள்ள வரட்டும். இன்னிக்கும் ஒண்ணும் போகலேன்னா திங்கக்கிழமை நீ வர வேண்டாம்."

ஒஃபீலியா கறி வாட்டும் மின்சாரக் கல்லின் பொத்தானை இடது சுண்டுவிரலால் அழுத்தினாள்.

பத்தொன்பது வருஷம் அவள் அந்த ஆலையில் நின்றிருக்கிறாள். ஓடும் பட்டையில் வரும் தோள்கறியிலிருந்து கொழுப்பைச் சீவித் தள்ளும் வேலை. கத்தி மொண்ணையானால் தீட்டறைக்குப் போய் மாற்றி வர வேண்டும். ஆனால் பட்டை யாருக்காகவும் நிற்காது. போய்விட்டு வருவதற்குள் பக்கத்துக்காரியின் முன்னால் கறி மலையாகக் குவியும். அவள் பேசும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. அதனால் எல்லோரும் மொண்ணைக் கத்தியையே அழுத்தி அழுத்தி வெட்டினார்கள். ஒஃபீலியாவுக்கு முதலில் விரல் நுனி மரத்தது. அப்புறம் காபிக் கோப்பை நழுவியது. ஆலை நர்ஸ் ஐஸ் கட்டி ஒன்றும் மாத்திரை இரண்டும் கொடுத்துப் பட்டைக்கே திருப்பி அனுப்பினாள். ஆலை டாக்டர் கையை ஒரே ஒரு தடவை திருப்பிப் பார்த்தார்.

"வீட்டுல சோள ரொட்டி தட்டுவீங்களா?"

"தட்டுவேன்."

"அதான் காரணம்," என்று எழுதிக்கொண்டார்.

ஒமாஹாவில் இருந்த கை டாக்டர் வேறு சொன்னார். மணிக்கட்டுக்குள் நரம்பு நசுங்குகிறது, வசந்தத்துக்குள் அறுவை செய்தால் கை மிஞ்சும், தள்ளிப் போட்டால் இப்படியேதான். அறுவைச் செலவை ஏற்க ஆலையின் காப்பீட்டுக்காரர்கள் மறுத்தார்கள். அதன் மேல் வரும் புதன்கிழமை விசாரணை. அவளுடைய வக்கீல் பெக்வித் எழுதிக் கொடுத்த மனுவில் ஒரு வரி இருந்தது: 'வலது கையால் கத்தியைப் பிடித்து வெட்ட இயலாது.' வலது கை பேனாவையாவது பிடித்துக்கொண்டிருந்த நாளில் அதன் கீழே ஒஃபீலியா கையெழுத்துப் போட்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு ஓர் ஆணும் பெண்ணும் உள்ளே வந்தார்கள். அவன் விதைச் சோளக் கம்பெனித் தொப்பி போட்டிருந்தான். பூட்ஸில் மண்ணே இல்லை. அவள் சிவப்புக் கோட்டு.

"என்னம்மா, கறி இலவசமா, கத்தி இலவசமா?" என்றான்.

"கறி. கத்தி இலவசம்னா நானே ரெண்டு பெட்டி எடுத்துட்டுப் போயிருப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. ஒரு கத்தியை எடுத்து விரலால் தடவினான். "பல்லையே காணோம். கிழவிக்குச் செஞ்சதா?"

"பல்லு உங்க வாயில இருந்தாப் போதும்."

"எங்க வீட்டுல இருக்கறது இருபது வருஷமா தீட்டினதே இல்ல. இன்னும் வெட்டுது."

"வெட்டல, அறுக்குது. வெந்த கறியைப் பல்லு வச்ச கத்தியால இழுத்தா நார் நாராக் கிழியும். சாறெல்லாம் தட்டுல ஓடிடும். அப்புறம் கறி வறட்டுன்னு இருக்குன்னு ஆக்கினவளைத் திட்டுவீங்க."

"அப்ப கடைக்குக் கடை ஏன் அதையே விக்கறாங்க?" என்று கேட்டாள் சிவப்புக் கோட்டுக்காரி.

"பீங்கான் தட்டுல படறப்ப பல்லு நுனி மட்டும்தான் தேயும். பள்ளத்துல கூர் நிக்கும். வீணாப்போனது ரொம்ப நாளைக்கு உங்களுக்குத் தெரியாது. இது அப்படியில்ல, தட்டுல பட்டா கூர் மடங்கும். மரப்பலகையில வச்சு வெட்டணும். மாசத்துக்கு ஒரு தடவை தீட்டுக்கோல்ல நாலு இழுப்பு. பாத்திரம் கழுவற மெஷின்ல போடவே கூடாது."

"கத்தியும் வாங்கிட்டு அதுக்கு ஆயா வேலையும் பாக்கணுமா?" என்றான் அவன்.

"பாத்தா உங்க பேரப்பிள்ளை காலத்துக்கும் இருக்கும்."

"நல்லதா பாத்து எடுக்கறது எப்படி?" என்று அவள் விடாமல் கேட்டாள். இப்போது கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தாள். "எங்க அண்ணிக்கு அனுப்பணும். படம் எடுத்துக்கலாம்ல?"

"தாராளமா எடுங்க!" என்றாள் ஜனெல், கல்லாவுக்குப் பின்னால் இருந்து.

ஒஃபீலியா இடது கையில் ஒரு கத்தியை எடுத்துத் திருப்பினாள். "அலகு கைப்பிடிக்குள்ள கடைசி வரைக்கும் ஓடணும். இதோ, முதுகுல இரும்பு தெரியுது பாருங்க. பாதியில நின்னா ஒரு நாள் கழண்டு கையில வரும். ஆணி மேல விரலை ஓட்டுங்க, தட்டக் கூடாது. இந்த இடத்துல ஒரு விரல் மேல வச்சா ரெண்டு பக்கமும் சாயாம நிக்கணும். அப்பத்தான் அது பாரத்தை அது சுமக்கும். உங்க கை சுமக்க வேண்டாம்."

"வாய் நல்லா வெட்டுது," என்றான் அவன். "கத்தி வெட்டுதா பாப்போம்."

வாட்டிய விலாக்கறித் துண்டைத் தன் பக்கம் இழுத்துக் கத்தியை முன்னும் பின்னும் அரக்கினான். முழங்கை மேலே ஏறியது. கறி கசங்கிப் பலகையில் வழுக்கியது.

"அழுத்தாதீங்க. அறுக்கவும் வேண்டாம். ஒரே இழுப்பு."

"இதைக்கூட வெட்டல. இதுக்கா இவ்வளவு விலை? நீ வெட்டு பாப்போம்."

அவள் இடது கையால் வெட்டினாள். துண்டு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் மெலிந்தும் வந்து, அடியில் ஒரு நார் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "நீ என்ன இடது கைக்காரியா?"

"இல்ல."

"பின்ன வலது கைக்கு லீவா?"

"அது சரியில்ல."

"கடைக்காரம்மா, வெட்டத் தெரியாதவளைக் கத்தி விக்க வச்சிருக்கீங்க. மீன் விக்கறவ மீனைப் பாத்துப் பயந்த கதையா இருக்கு. பல் வச்சது எங்க இருக்கு, அதையே குடுங்க."

ஜனெல் கல்லாவை விட்டு வந்தாள். ஒஃபீலியாவின் தோளுக்குப் பின்னால் நின்று, உதடு அசையாமல், "திங்கக்கிழமை," என்றாள்.

கசங்கிப் போன கறியை ஒஃபீலியா பார்த்தாள். பத்தொன்பது வருஷத்தில் புதிதாக வேலைக்கு வந்தவள்கூட அவள் கண்முன்னால் கறியை இப்படிக் கெடுத்ததில்லை.

"நகருங்க," என்றாள்.

வலது கையைத் தூக்கிப் பலகை மேல் வைத்தாள். கட்டைவிரல் மடங்கவில்லை. கைப்பிடியைக் கடைசி இரண்டு விரல்களுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகி, ஆள்காட்டி விரலை அலகின் முதுகில் படுக்க வைத்தாள். கை கத்தியைப் பிடிக்கவில்லை; கத்தி அங்கே சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். தோளிலிருந்து கையைப் பின்னால் இழுத்தாள். கறி சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. வெட்டின முகம் ஈரமாக, ரோஜா நிறத்தில், கண்ணாடி போலப் பளபளத்தது. இன்னொரு இழுப்பு. இன்னொன்று. மூன்று துண்டுகளும் ஒரே கனத்தில் சரிந்து படுத்தன.

"பாத்தீங்களா? பலமே வேண்டாம்," என்றாள் ஒஃபீலியா. நெற்றி வியர்த்திருந்தாலும் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "நல்ல கத்தின்னா குழந்தைகூட வெட்டலாம். செத்த கைகூட வெட்டலாம்."

"படம் வந்துடுச்சா?" என்று அவன் சிவப்புக் கோட்டுக்காரியைக் கேட்டான்.

"வந்துடுச்சு."

"ஒரு பெட்டி கட்டுங்க," என்றான். கறியை வாயில்கூடப் போடவில்லை.

அவர்கள் போன பிறகு வலது கையிலிருந்து கத்தியை எடுக்க ஒஃபீலியா இடது கையைக் கொண்டுவந்தாள். அதற்குள் அது தானாகவே நழுவி, மாதிரிக்கு வைத்திருந்த பீங்கான் தட்டின் மேல் விழுந்தது. தட்டு விரிசல் விட்டது. கத்தி விழுந்த சத்தம் கேட்டுத்தான் அது கையை விட்டுப் போனதே அவளுக்குத் தெரிந்தது.

"தட்டு போச்சு," என்றாள் ஜனெல். அப்புறம் விற்றுப்போன பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தாள். "சரி, சரி. திங்கக்கிழமை வா. இனிமே அந்தக் கையாலயே காட்டு. இத்தனை நாள் என்னத்துக்கு நடிச்ச?"

புதன்கிழமை மாவட்டக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் விசாரணை. நீள மேசையின் ஒரு முனையில் விசாரணை அதிகாரி. ஒஃபீலியாவின் பக்கத்தில் பெக்வித். எதிர்ப்பக்கம் ஆலைத் தரப்பு வக்கீல், அவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆண், ஒரு பெண். அவன் தலையில் தொப்பி இல்லை. அவள் இன்று சாம்பல் நிறக் கோட்டு. ஒஃபீலியாவுக்கு அடையாளம் தெரிய ஒரு நிமிஷம் பிடித்தது. மேசை மேல் வைத்திருந்த கத்திப் பெட்டியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஜனெல் கட்டிக் கொடுத்த தங்க நிற ரிப்பன்கூட இன்னும் பிரிக்கப்படவில்லை.

"அண்ணிக்கு அனுப்பினியாம்மா?" என்று கேட்டாள் ஒஃபீலியா.

அந்தப் பெண் தாள்களைச் சரிசெய்தாள். பெக்வித் ஒஃபீலியாவின் கையைத் தொட்டார். "பேசாம இருங்க."

சுவரில் இருந்த திரையில் படம் ஓடியது. ஒரு நிமிஷம்கூட இல்லை. ஒரு கை, ஒரு கத்தி, மூன்று துண்டு, கடைசியில் அவள் சிரித்த முகம். சத்தம் இல்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"இது யாரு கை?" என்றார் ஆலை வக்கீல்.

"என் கை."

"எந்தக் கை?"

"வலது."

"கத்தியைப் பிடிச்சு வெட்ட முடியாதுன்னு மனுவுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க. கஷ்டப்பட்டு வெட்டற மாதிரி தெரியலையே."

"அது நல்ல கத்திங்க. பலம் வேண்டாம். அதைத்தானே நான் அதுல சொல்றேன். சத்தத்தை வைங்க, கேளுங்க."

"சத்தம் பதிவாகல."

"அவங்களைக் கேளுங்க. எதிர்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. செத்த கைகூட வெட்டும்னு சொன்னேன். இல்லையா? சொல்லுங்க, வாயில என்ன இருக்கு?"

அந்த ஆள் விசாரணை அதிகாரியைப் பார்த்தபடி சொன்னான்: "கத்தியைப் பத்தி நிறையப் பேசினாங்க. குறிப்பா எதுவும் ஞாபகம் இல்ல."

"ஆலையில குடுத்த கத்தி பத்து துண்டுக்குத் தாங்காது," என்றாள் ஒஃபீலியா. குரல் உயர்ந்துவிட்டது. "அங்க இந்த மாதிரி கத்தி குடுத்திருந்தா இந்தக் கை இப்படி ஆயிருக்குமா? அந்தக் கத்தியைக் கொண்டாந்து இந்த மேசையில வைங்க. அதால வெட்டச் சொல்லுங்க என்னை."

"நாம இங்க பேசறது படத்துல இருக்கற கத்தியை," என்றார் வக்கீல்.

பெக்வித் எழுந்து, ஒமாஹா டாக்டரின் அறிக்கையைப் படித்தார். இரண்டு பக்கம் படித்தார். விசாரணை அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். பிறகு இன்னொரு முறை படத்தைப் போடச் சொன்னார். கறி சத்தமில்லாமல் பிரிந்தது. ஒஃபீலியா சத்தமில்லாமல் சிரித்தாள்.

"முடிவு தபால்ல வரும்," என்றார் அதிகாரி. "அதுவரைக்கும் அறுவைக்கு ஒப்புதல் கிடையாது."

"வசந்தத்துக்குள்ளன்னு டாக்டர் சொன்னாரே," என்றாள் ஒஃபீலியா. பெக்வித் வழக்குக் கோப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாள் எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்," என்று முணுமுணுத்தார்.

"என்னத்தைச் சொல்றது? முடியலேன்னு சொன்னதும் நெஜம். வெட்டினதும் நெஜம்."

எழுத்தர் பெண் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். படத்தில் இருப்பது தானே என்று ஒப்புக்கொள்ளும் தாள். பேனாவையும் நீட்டினாள். ஒஃபீலியா இடது கையால் வாங்கிக் குழந்தை எழுதுவது போல் முதல் எழுத்தைப் போட்டாள்.

"அப்படிப் போட்டா செல்லாதும்மா," என்றாள் எழுத்தர். "மனுவுல இருக்கற கையெழுத்தோட ஒத்துப் போகணும். எப்பவும் போடற கையால போடுங்க."

ஒஃபீலியா பேனாவை வலது கைக்கு மாற்றினாள். கட்டைவிரல் வந்து சேரவில்லை. கடைசி இரண்டு விரல்களுக்குள் செருகிப் பார்த்தாள். தாளில் ஒரு கோடு இழுபட்டது. பேனா சாய்ந்து விழுந்து, மேசையில் உருண்டு போய், ரிப்பன் கட்டிய பெட்டியில் முட்டி நின்றது.

அவள் எதிரே நிமிர்ந்து பார்த்தாள். சாம்பல் கோட்டுக்காரி கிளம்புவதற்காக எழுந்து நின்றிருந்தாள். போனை ஏற்கெனவே கைப்பைக்குள் போட்டு மூடியிருந்தாள்.