ஆறரைத் தூண்

அலமாரிக்குப் பின்னால் எது இருந்தாலும் சரி, செத்த எலி மட்டும் இருக்கக் கூடாது, சாமி.

இது மனதுக்குள். வெளியே, "இன்னும் கொஞ்சம் தள்ளுங்க சித்தப்பா" என்றாள்.

தேவாலயத்தின் செயலாளரான சித்தப்பா மூச்சிரைக்கத் தள்ளினார். பாடகர் குழுவின் அங்கிகள் தொங்கும் அந்த அலமாரி, அவர் பிறப்பதற்கு முன்பிருந்தே தென்மேற்கு மூலையை விட்டு அசைந்ததில்லை. நூற்றைம்பதாம் ஆண்டு மலருக்காகக் கட்டடத்தை அளந்து வரையும் வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். கட்டடக்கலை படித்து முடித்தபின் தன் பெயர் போட்டு அவள் வரையும் முதல் வரைபடம்.

அலமாரி நகர்ந்தது. எலி இல்லை. அரைத் தூண் இருந்தது. மறுபாதி மேற்குச் சுவருக்குள் போயிருக்க, கதவிடுக்கில் மாட்டிய குண்டு மனிதர்போல வயிறு மட்டும் வெளியே தெரிந்தது.

அவள் சிரித்தே விட்டாள். நாடாவைப் பிடித்து இரண்டு வரிசையையும் அளந்தாள். வடக்கே ஏழு முழுத் தூண்கள். தெற்கே ஒவ்வொரு இடைவெளியும் மூன்று அங்குலம் கூடுதல். ஏழாவது தூணுக்கு வரும்போது இடம் தீர்ந்துவிட்டது.

"அதான் எதிரெதிர்த் தூண் நேரா நிக்கலியா? நான் என் கண்ணாடிய ரெண்டு தடவ மாத்திட்டேனே!" என்றார் சித்தப்பா.

"ரெண்டு பேரு, ரெண்டு அளவுகோல் சித்தப்பா. ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கவே இல்ல."

"எப்படிக் கேப்பாங்க? மச்சானும் மாப்பிள்ளையுமா சேர்ந்து எடுத்த வேலை. வடக்கு வரிசை மச்சானோடது. சாப்பாட்டுல உப்பு இல்லன்னு ஏதோ சொல்லி, பேச்சே நின்னு போச்சாம்."

"அப்போ தெற்கு?"

அவர் அங்கிகளை ஒழுங்குபடுத்த ஆரம்பித்தார். "நம்ம கொத்தனாரு. என் கொள்ளுத் தாத்தா."

இம்மி பிசகாத கட்டடம் என்று மலரின் முன்னுரையில் எழுதியிருப்பவரும் சித்தப்பாவே. அந்தப் பக்கம் அச்சாகியும் விட்டது.

"ஏம்மா, வரைபடத்துல அத முழு வட்டமாப் போட்டுடேன். யாரு வந்து அலமாரிய நகத்தப் போறா? மச்சான் வீட்டு ஆளுங்க பாத்தா என்னை ஓட்டி எடுத்துடுவாங்க."

அவள் தூணைத் தடவிப் பார்த்தாள். வெளியே தெரிந்த பாதியில் மற்றத் தூண்களில் இருக்கும் அதே கொடியும் பூவும். ஓர் இதழ்கூட அவசரமாகச் செதுக்கப்படவில்லை. இடம் போதவில்லை என்று தெரிந்த அன்றைக்கு அந்த மனிதர் எவ்வளவு வெட்கப்பட்டிருப்பார்! ஆனாலும் உளியை எடுத்திருக்கிறார். மறைக்க நினைத்தவர் பூ செதுக்க மாட்டார். அலமாரியை வைத்து மறைத்தது அவருக்குப் பிறகு வந்தவர்களின் வெட்கம்.

சித்தப்பாவிடம் இதுவரை எதற்கும் அவள் முடியாது என்றதில்லை. ஆனால் உள்ளே ஏதோ லேசாக, குதூகலமாகக்கூட இருந்தது.

"சின்ன வட்டம்தானேம்மா" என்றார் அவர், கெஞ்சலாக.

"வேண்டாம் சித்தப்பா" என்று மெல்லச் சொல்லிவிட்டு, சுவரை ஒட்டி அரை வட்டம் வரைந்தாள்.